ஜெனிஸ்டனின் செத்தவீடு

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. சும்மா ஒன்றிரண்டு இல்லை. வீதி திரும்பும் முடக்கிலிருந்து மண்டபத்து வாசல் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கயிறு இழுத்து, துறைமுகத்துக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றன. மோட்டார் சைக்கிளில் போனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். சந்தைக்குப் போன ஒரு மனுஷி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்! செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆள் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு பாணைச் சம்பலில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் ஜெனிஸ்டன். பைபர் படகு செய்யும் பட்டறையில் வேலை. கிழமை நாட்களில் படகுக்கு அச்சுப் போடுகிற கை, ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பேய்க்கு அச்சுப் போடும். முகமூடி, அறுந்த விரல், பிடுங்கிய கண் என்று அவன் வீட்டு அறை கிடக்கிற கிடையைப் பார்த்து, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த பெடியன் ஒருவன் கேற்றோடு திரும்பிப் போனதும் உண்டு.

திருகோணமலையில் திகில் ரசிகர் விழாவா என்று நீங்கள் கேட்கலாம். மண்டபக் காவலாளி அப்துல் மஜீத்தும் அதைத்தான் கேட்டார். "இந்த ஊர்ல உண்மையாப் பயந்தது காணாதா வாப்பா? பொய்யாப் பயப்பட மண்டபம் வேற பிடிக்கிறீங்களா?"

விழாவை ஏற்பாடு செய்த இன்ஷாப்புக்குப் பதில் எப்போதும் நுனி நாக்கில் இருக்கும். கிண்ணியாக்காரன், பெனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான், ஜெனிஸ்டனின் உயிர்ச் சிநேகிதன். "அந்தப் பயத்துக்கு எங்களக் கேட்டுக்கிட்டா வந்தாங்க, காக்கா? இது அப்படியில்ல. விருப்பமெண்டா வரலாம். போதுமெண்டா கதவைத் திறந்துக்கிட்டுப் போகலாம்."

காவலாளி கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சனங்கள் வந்தார்கள் பாருங்கள், ஜெனிஸ்டனே எதிர்பார்க்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒரு வான் நிறைய இரத்தக் காட்டேறிகள் இறங்கின. கொழும்பிலிருந்து வந்த ஒருத்தி பாதி முகத்தை எரிந்துபோனது போலச் செய்துகொண்டு, மீதிப் பாதிக்கு லிப்ஸ்டிக் பூசியிருந்தாள். தர்ஷனா என்கிற ஓவியக்காரி ஒரு மூலையில் இருந்து, வருகிறவர்களைப் பேயாகக் கீறிக் கொடுத்தாள். அவள் பட்ட பாடு தனிப் பாடு. "கொஞ்சம் வெள்ளையாக் கீறுங்கோ தங்கச்சி" என்று ஒரு அம்மா நிற்கிறார். செத்துப் பேயான பிறகும் நிறம் வேண்டுமாம்! இன்னொருத்தருக்குக் கோரப்பல் பிரச்சினையில்லை, தொப்பைதான் பிரச்சினை. தர்ஷனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொப்பையை அழித்துக் கொடுத்தாள்.

காலை முழுக்க ஜெனிஸ்டனின் பயிற்சி வகுப்பு. வெட்டுப்பட்ட கை செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தான். பல் வைத்தியர்கள் அச்சு எடுக்கிற பவுடரைக் கரைத்து, ஆளாளுக்குக் கையை வாளிக்குள் விட வைத்து, அச்சு இறுகியதும் இழுத்தெடுக்க வைத்து, அதற்குள் சிலிக்கன் ஊற்றினான். "நிறத்தை மேலால பூசக் கூடாது. தோலுக்குக் கீழ இருந்து வர வேணும்" என்று சொல்லி, நீல நூலைப் பிய்த்து நரம்பாக உள்ளே படுக்க வைத்தான். செத்த கை விறைத்துக் கிடக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், இல்லை, விரல்கள் எதையோ பிடிக்கப் போனது போலக் கொஞ்சம் மடங்கித்தான் கிடக்கும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. மாணவர்கள் கவனிக்கவில்லை, அவர்கள் நூலைப் பிய்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆனால் சனம் வந்தது கைக்கு இல்லை. பெட்டிக்கு வந்தது. மண்டபத்தின் நடுவில், கறுப்புத் திரைக்கு முன்னால், மெழுகுதிரிகளுக்கு நடுவே ஒரு சவப்பெட்டி. பெட்டி உண்மைப் பெட்டி. வாடகைக்குக் கேட்டபோது, "திருப்பியும் தருவீங்களோ?" என்று கடைக்காரர் முழித்தாராம். அதற்குள் கோட்டும் சூட்டும் போட்டு, விரலிடுக்கில் செபமாலை சுற்றிக் கிடந்தது ஜெனிஸ்டன்.

அதாவது, ஜெனிஸ்டன் செய்த ஜெனிஸ்டன். இன்ஷாப்தான் அவன் முகத்தில் அச்சு எடுத்தான். மூக்குக்குள் சொருகிய குழாய் ஒன்று கழன்று, உண்மையாகவே பெட்டிக்குப் போக வேண்டிய அளவுக்கு மூச்சு முட்டினதும் நடந்தது. தலைமுடி, புருவம் எல்லாம் அவனுடைய சொந்த மயிர், முடிவெட்டும்போது சேர்த்து வைத்து ஒவ்வொன்றாக ஊசியால் ஏற்றியது. உதட்டோரத்தில் லேசாகக் கறுப்பு. மூடிய கண்ணிமைக்குள் கண் இருப்பது போன்ற மேடு. கிட்டப் போன பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஜெனிஸ்டனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. கலைஞன் என்றால் வேறு என்ன வேண்டும்?

இனி அந்த பெனர் கதைக்கு வருவோம். எல்லாம் அதால் வந்த வினைதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் சந்தியில் பெனர் கட்டுவார்கள், உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தை வளைத்து அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். கடை விளம்பரத்தை நம்பாத சனம் அதை நம்பும். இன்ஷாப் மாதத்துக்கு எத்தனையோ அடிக்கிறான். அவனுடைய மண்டைக்குள் அந்த யோசனை உதித்தது அதிசயமில்லை. "கண்ணீர் அஞ்சலி" என்று மேலே கொட்டை எழுத்து. மூலையில் ஒரு சிலுவை. நடுவில் ஜெனிஸ்டன் சிரித்துக்கொண்டிருக்கும் படம். "அமரர் சூசைப்பிள்ளை ஜெனிஸ்டன் ஆண்டவரில் நித்திரையடைந்தார். இறுதி நிகழ்வு சனிக்கிழமை, ஓர்ஸ் ஹில் மண்டபத்தில்." ஆகக் கீழே, மயிர்க்கொட்டி ஊர்ந்தது போல ஒரு வரி: "ஆனால் அவர் எழும்புவார். திகில் ரசிகர் விழாவுக்கு அனைவரும் வருக."

பெனரைப் பார்த்ததும் ஜெனிஸ்டன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "மச்சான், அக்கா கண்டா?"

"ஒன்ட அக்கா மூதூர்ல. பெனர் இஞ்ச பஸ் ஸ்டாண்ட்ல. பைனாகுலர் வெச்சா பார்க்கப் போறா? அதோட, அவ ஒன்னோட கதைக்கிறதே இல்லையே."

உண்மையைச் சொன்னால், காணட்டுமே என்று ஒரு சின்ன ஆசை ஜெனிஸ்டனுக்குள் எங்கேயோ இருந்தது. ஒரு கணம் அவள் நெஞ்சு பதைக்கட்டும், பிறகு கீழ் வரியை வாசித்துவிட்டு ஏசட்டும், ஏசுவதற்காகவாவது ஒரு போன் எடுக்கட்டும். அந்த ஆசையை இன்ஷாப்புக்கும் சொல்லவில்லை, தனக்குத்தானேயும் சொல்லிக்கொள்ளவில்லை. "சரி, கட்டு" என்றான். மடையன்.

அக்கா கிறிஸ்டின் அவனோடு கதைக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா சூசைப்பிள்ளை வீட்டிலேயேதான் கண்ணை மூடினார். தாய் முன்னமே போய்விட்டாள், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். அப்பா போன அன்று, பெட்டிக்காரர் வருவதற்கு முதல், ஜெனிஸ்டன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவின் முகத்தில் வெள்ளைச் சாந்து அப்பி அச்சு எடுத்தான். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்கள் என்று தெரியும். அந்த முகம் நாளைக்கு மண்ணுக்குள் போய்விடும் என்ற நினைப்பு ஒன்றுதான் அவனுக்கு அப்போது இருந்தது. அப்பாவுக்குப் போடச் சட்டை எடுத்துக்கொண்டு கிறிஸ்டின் கதவைத் தள்ளினாள். அப்பாவின் கழுத்துக்கு மேலே முகம் இல்லை. ஒரு வெள்ளைக் கட்டி.

"அப்பான்ர மூச்சை அடைச்சுப்போட்டான்!" என்று அவள் கத்திய கத்தலில் தெருச் சனமெல்லாம் ஓடி வந்தது. செத்தவருக்கு ஏது மூச்சு? அதை யார் அவளுக்குச் சொல்வது! அவன் சாந்தைக் கழற்றி, அப்பாவின் முகத்தைத் துடைத்து, காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் விழவில்லை. அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து வெளியே வரும்போது எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "இனி உன்ர நன்மைக்கும் நான் இல்ல, தின்மைக்கும் நான் இல்ல. உன்ர செத்தவீட்டுக்கும் வரமாட்டன்."

எங்கள் சனத்துக்குள் அது சும்மா பேச்சில்லை. ஏசினால் ஆறும், அடித்தால் ஆறும். செத்தவீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னால் உறவுக்குக் கதவைப் பூட்டித் திறப்பைக் கடலில் எறிந்த மாதிரி. அதற்குப் பிறகு அவன் எடுத்த போனுக்கு அவள் பதில் சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்கு அனுப்பிய கேக் அப்படியே திரும்பி வந்தது. அக்காவின் மகள் கோயிலில் முதல்நன்மை எடுத்ததை முகநூலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அன்றைக்கு அவன் பட்டறைக்குப் போகவில்லை, சாப்பிடவுமில்லை. உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் அவள். அவள் ஒருமுறை "டேய் தம்பி" என்று கூப்பிட்டால் போதும், பேய் பிசாசு எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பான்.

சரி, விழாவுக்கு வருவோம். பின்னேரம் காட்சி நேரம் வந்தது. ஜெனிஸ்டனின் முகத்தில் அழுகிய சதை ஒட்டியாயிற்று. ஒரு கன்னம் கிழிந்து பல்வரிசை தெரிந்தது. காட்சி இதுதான்: சனம் பெட்டியைச் சுற்றி நிற்கும். வெளிச்சம் போகும். திரும்ப வரும்போது பெட்டிக்குப் பின்னால் செத்தவனே எழும்பி நின்று தன் பிணத்தைப் பார்ப்பான். அவனுடைய போன் பைக்குள், சத்தம் நிறுத்தி, பின் அறையில் கிடந்தது. அதில் ஒரே இலக்கத்திலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு வந்து குவிந்துகொண்டிருந்ததை யாரும் அறியவில்லை.

திரைக்குப் பின்னால் நின்றபடி ஜெனிஸ்டன் இன்ஷாப்பின் அறிவிப்பைக் கேட்டான். "எங்கட கலைஞர் இப்படிப் பெட்டிக்குள்ள கிடக்கிறார். அழுறதுக்கு ஒருத்தரும் இல்லையா? இது என்ன செத்தவீடு?" சனம் சிரித்தது. மட்டக்களப்புக் காட்டேறிகள் இரண்டு பேர் முன்னுக்கு வந்து "ஐயோ ராசா" என்று ராகம் இழுத்தார்கள். விசில் பறந்தது. வெளிச்சம் போனது, வந்தது. ஜெனிஸ்டன் எழும்பி நின்றான். பெண்பிள்ளைகள் வீரிட்டார்கள். எல்லாம் நினைத்தபடி அழகாகத்தான் போனது.

அப்போது வாசலில் ஒரு சத்தம் கேட்டது.

"தம்பீ...!"

அது ராகம் இல்லை. அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்த சத்தம். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தங்களை அறியாமலேயே வழி விட்டார்கள். கிறிஸ்டின் வந்தாள். வீட்டுச் சட்டை, அதற்கு மேல் ஒரு துவாய், அவிழ்ந்த தலை. மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்திருக்கிறாள், முழங்கையில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ பஸ்ஸிலிருந்து பெனரைப் போனில் படம் எடுத்திருக்கிறார்கள். இளநீர்க் கடையின் கூரை கீழ் வரியை மறைத்திருக்கிறது. மேல் பாதி மட்டும் மூதூர்க் கோயில் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் தம்பிக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறாள். செத்தவன் எப்படிப் போன் எடுப்பான்? கிடைத்த ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஏற்றம் முழுக்க வெள்ளைக்கொடியைப் பார்த்தவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிருக்கும். வாசலில் அப்துல் மஜீத்திடம், "இஞ்சதானோ ஜெனிஸ்டன்ர..." என்று தொடங்கி முடிக்க ஏலாமல் நின்றிருக்கிறாள். காட்சிக்கு வந்த ஆளாக்கும் என்று நினைத்து, "ஓம் மகள், உள்ளுக்குத்தான். கெதியாப் போங்க, தொடங்கிட்டு" என்றிருக்கிறார் அந்த மனிதர்.

பெட்டியைக் கண்டதும் அவள் ஓடிப்போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தில் விழுந்தாள்.

"என்ர ராசா! என்ர குஞ்சு! என்னை விட்டிட்டு ஏண்டா போனனீ? அப்பாவைப் போலவே கிடக்கிறியேடா... அதே மூக்கு, அதே நாடி..."

சனத்துக்குள் ஒரு போன் உயர்ந்தது. இன்னொன்று உயர்ந்தது. பிறகு எல்லாம். "என்ன நடிப்பு!" என்று ஒருவன் பக்கத்தவனிடம் சொன்னது ஜெனிஸ்டனுக்குத் தெளிவாகக் கேட்டது. இன்ஷாப் அவன் அக்காவை ஒருநாளும் கண்டதில்லை. சிநேகிதன் தனக்குத் தெரியாமல் ஒரு நடிகையை ஒழுங்கு செய்திருக்கிறான் என்று நினைத்து, மேடையோரத்தில் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஜெனிஸ்டனுக்குக் கைகால் ஓடவில்லை. அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறான். அவள் அவனைக் காணவேயில்லை. கண்டிருந்தாலும் அந்த அழுகிய மூஞ்சியை யாரென்று கண்டுபிடிப்பாள்? அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தான். பொய்ப் பல்லுக்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"உன்ர செத்தவீட்டுக்கும் வரமாட்டன் எண்டு சொன்னனானேடா. அது வாயால சொன்னது. வயித்தால சொல்லேல்லையேடா! போன் அடிச்சனான், நீ எடுக்கேல்ல. எடுக்காத, எனக்கு நல்லா வேணும். நீ அடிக்கேக்க நான் எடுத்தனானா?"

இந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். பல்லைத் துப்பிவிட்டு, முகத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். இப்போது நாக்கும் புரண்டது, காலும் அசைந்தது. ஆனாலும் அவன் நின்றான். ஏன் தெரியுமா? எத்தனையோ வருசமாக எந்தச் சொல்லுக்கு ஏங்கினானோ அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று நின்றான். அட பாவி! பெற்ற தாய்க்குப் பதிலாக நின்ற மனுஷி நெஞ்சு வெடித்துக் கிடக்கிறாள், இவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

அவள் பிணத்தின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குரல் தணிந்தது. இப்போது அது அழுகை கூட இல்லை, தம்பியோடு தனியாக இருந்து கதைக்கிற கதை.

"உன்ர வீட்டு ஒழுங்கை வரைக்கும் எத்தனை தரம் வந்திட்டுத் திரும்பிப் போனனான் தெரியுமே? அப்பான்ர முகம் எனக்கு மறந்து போகுதடா. போட்டோவைப் பார்த்தா அது போட்டோ மாதிரித்தான் கிடக்கு. நீ எடுத்த அச்சு உன்னட்ட இருக்குமெண்டு தெரியும். 'தம்பி, அதை ஒருக்காக் காட்டு, தடவிப் பார்த்திட்டுத் தாறன்' எண்டு கேக்கத்தான் வந்தனான். கேற்றைக் காண வாய் வரேல்ல. ரோசமடா... பாழாய்ப்போன ரோசம். நீ செய்ததுதான் சரியெண்டு எனக்கு விளங்கினது. விளங்கினதை உனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளடா குஞ்சு."

அவள் குனிந்து பிணத்தின் நெற்றியில் முத்தமிட்டாள்.

ஜெனிஸ்டனின் கை தானாகப் போய் அவள் தோளைத் தொட்டது.

அவள் திரும்பினாள். கிழிந்த கன்னமும் பல்லும் கண்ணுக்கு நேரே. அவள் கத்தவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியோடு சாய்ந்தாள். அவன் பல்லைத் துப்பினான். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து இழுத்தான். பசை தோலோடு வந்தது, புருவத்தில் பாதியும் வந்தது. "அக்கா! நான் அக்கா! எனக்கொண்டும் இல்ல, நான் உயிரோடதான் இருக்கிறன்!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். விசில். "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான் ஒரு காட்டேறி. கிறிஸ்டின் அந்தச் சத்தத்தைக் கேட்டதாகவே தெரியவில்லை. இந்த முகத்தைப் பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பெருவிரலைக் கொண்டுபோய்ப் பிணத்தின் கன்னத்தில் அழுத்தினாள். கன்னம் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. இன்னொரு தரம் அழுத்தினாள். அதுவும் திரும்பி வந்தது. அவள் முழங்கையிலிருந்த செதில் ஒன்று அந்த ரப்பர் நெற்றியில் ஒட்டியிருந்தது, அதை நகத்தால் எடுத்தாள்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. வந்தது உண்மை அக்கா என்று இன்ஷாப்புக்கு அப்போதுதான் விளங்கியது. "போனை எல்லாம் கீழ வைங்க! கீழ வைங்க சொல்றன்!" என்று ஓடித் திரிந்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

"அக்கா, பகிடிக்குச் செய்தது" என்றான் ஜெனிஸ்டன். "விளம்பரம் அக்கா. பெனர்ல கீழ போட்டிருக்கு. சின்ன எழுத்தில போட்டிருக்கு."

சின்ன எழுத்தில் போட்டிருக்காம்! சொன்ன வாய்க்கே அந்தச் சொல் கசந்தது.

கிறிஸ்டின் துவாயால் முகத்தைத் துடைத்தாள். தலையை அள்ளி முடிந்தாள். அவசரமே இல்லாமல் செய்தாள். ஏசப் போகிறாள், அடிக்கப் போகிறாள் என்று ஜெனிஸ்டன் கன்னத்தைக் கொடுத்தபடி நின்றான். அடித்திருந்தால் பிழைத்திருப்பான். அவள் அவனை நேரே பார்த்து, தெளிவான குரலில் கேட்டாள்.

"நீங்கள் ஆர்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா..."

"நான் என்ர தம்பின்ர செத்தவீட்டுக்கு வந்தனான். அழுதனான். கொஞ்சினனான். மன்னிப்பும் கேட்டிட்டன். அக்காக்காரி செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சுது. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

"நீங்கள் எண்டு சொல்லாதேங்கோ அக்கா!" அவன் குரல் உடைந்தது. பிறந்த நாளிலிருந்து அவள் அவனை அப்படிச் சொன்னதில்லை. நீ என்றாள், டேய் என்றாள், நாயே என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த மரியாதை அவன் காதில் மண் அள்ளிப் போடுகிற சத்தமாக விழுந்தது. "அடியுங்கோ அக்கா. செருப்பால அடியுங்கோ. நான் உங்களுக்கெண்டு செய்யேல்ல. நீங்கள் காணுவீங்கள் எண்டு..." அங்கே நின்றுவிட்டான். காணுவீர்கள் என்று நினைக்கவில்லை என்று சொல்ல வந்தான், அது பொய் என்று நாக்குக்குத் தெரிந்தது.

அவள் நடந்தாள். சனம் இரண்டாகப் பிரிந்தது. எரிந்த முகக்காரி லிப்ஸ்டிக் பூசிய பக்கத்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பான்ர அச்சு இருக்கு!" என்று கத்தினான் ஜெனிஸ்டன். கடைசியில் அதைத்தான் பிடித்தான், தண்ணீரில் தாழப் போகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடிக்கிற மாதிரி. "அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு அக்கா. வாங்கோ, வீடு கிட்டத்தான். இப்பவே தாறன். நீங்களே வைச்சிருங்கோ."

அவள் நின்றாள். கதவு நிலையில் கை வைத்து, முதுகு காட்டியபடி நின்றாள். அந்த முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. திரும்பப் போகிறாள் என்று ஜெனிஸ்டன் நினைத்தான். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். இன்ஷாப் "யா அல்லாஹ், திருப்பு" என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

"வேண்டாம், தம்பி" என்றாள் அவள்.

தம்பி என்றுதான் சொன்னாள். ஆனால் எந்தத் தம்பி! கடையில் நிற்கிற பெடியனை, பஸ்ஸில் இடம் விடுகிற பெடியனை, வழி கேட்கிற அந்நியனைக் கூப்பிடுகிற தம்பி. கொஞ்சம் முன்னால் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்ட அந்தத் தம்பி பெட்டிக்குள் கிடந்தான்.

ஜெனிஸ்டன் பின்னால் ஓடினான். பாதி முகத்தில் அழுகிய சதை தொங்க, சனத்தைத் தள்ளிக்கொண்டு படியில் தடுக்கி, வாசலுக்கு வந்தான். வெளியே நல்ல வெயில். ஆட்டோ கொடிக் கம்பத்தடியில் நின்றது. மூதூரிலிருந்து அவளைக் கூட்டி வந்த முனீப் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, செத்தவீட்டு வாசலில் நிற்கிற மரியாதையோடு நின்றான். உள்ளே கேட்ட கைதட்டலும் விசிலும் அவனுக்கு என்னவென்று விளங்கவில்லை, ஆனாலும் கேட்கவில்லை. அவள் ஏறி இருக்கும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, செத்தவீட்டில் எல்லாரும் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் மெல்லிய குரலில் கேட்டான்.

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, அக்கா?"

கிறிஸ்டின் துவாயை மடித்து மடியில் வைத்தாள். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனை அவள் பார்க்கவில்லை.

"எடுத்தாச்சு, தம்பி. நீங்கள் ஆட்டோவை எடுங்கோ."